கிரெனடாவில் ஜாதிக்காய், சாக்லேட், ரம்: டூரில் சேர்வதா, டாக்ஸி பேசுவதா, சந்தைக்கு நடப்பதா?

கரீபியன் க்ரூஸ் கப்பலில் போகிறவர்களுக்குக் கிரெனடா நெருங்கும்போது ஒரு குழப்பம் வரும். கப்பல் கம்பெனி ஒரு டூர் விற்கிறது: ஜாதிக்காய் நிலையம், சாக்லேட் ருசி, ரம் ருசி, கடைசியில் ஷாப்பிங். துறைமுக வாசலுக்கு வந்தால் டாக்ஸிக்காரர்கள் அதே இடங்களைக் குறைந்த செலவில் காட்டுவதாக அழைக்கிறார்கள். முன்பு போய் வந்தவர்களோ சந்தை நடக்கிற தூரம்தான், டூரே வேண்டாம் என்கிறார்கள். மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். யாருக்கு எது பொருந்தும் என்பதில்தான் சிக்கல்.

நம் கருத்து இதுதான்: வழியைத் தேர்ந்துவிட்டுப் பொருளைத் தேடாதீர்கள். ஊருக்கு எதைக் கொண்டுபோகப் போகிறோம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். வழி தானாக அமையும். ஜாதிக்காயும் பட்டையும் மட்டும் வேண்டும் என்பவர் டூருக்குப் பணம் கட்டுவது வீண். ரம் வடிக்கும் இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பவர் சந்தையோடு நின்றால் ஏமாற்றம்தான்.

## பெட்டிக்குள் என்ன போகிறது?

ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும். கிரெனடாவின் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அடிக்கும்வரை உலக ஜாதிக்காய் விளைச்சலில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் இந்தச் சின்னத் தீவுக்கு. புயலில் பெரும்பாலான மரங்கள் விழுந்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் எமிலி புயல் மிச்சத்தையும் உலுக்கியது. ஜாதி மரம் காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும் என்பதால் பழைய அளவுக்கு விளைச்சல் இன்னும் திரும்பவில்லை. மேற்குக் கரையில் கூயாவ் என்ற ஊரில் இருக்கும் பதப்படுத்தும் நிலையத்தில் வெற்றுத் தட்டுகளைப் பார்த்தால் காரணம் இதுதான். இது ஜாதிக்காய் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமானது. சங்கம் 1947இல் தொடங்கியது. காய்களை ஓட்டோடு ஆறு முதல் எட்டு வாரம் தட்டுகளில் உலர்த்தி, ஓட்டை உடைத்து, பருப்பைத் தண்ணீரில் போடுவார்கள். மூழ்குவது நல்ல காய். மிதப்பது சொத்தை அல்லது வற்றல். அது எண்ணெய் போன்ற வேறு உபயோகத்துக்குப் போகும்.

வாங்கும்போது ஓட்டோடு இருக்கும் காயைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு குலுங்கினால் நன்றாக உலர்ந்தது. சத்தமே இல்லையென்றால் ஈரம் போகவில்லை, பெட்டிக்குள் பூசணம் பிடிக்கும். ஓடு நீக்கியதை வாங்கினால் ஊசி முனை அளவுத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை பூச்சி போட்ட துளைகள். பொடியாக வாங்கவே வேண்டாம். முழுக்காய் ஆண்டுக்கணக்கில் தாங்கும், பொடியின் மணம் சில மாதங்களில் போய்விடும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் இதில் எடையை வீணாக்க வேண்டியதில்லை. பர்லியாரிலும் மாத்தளையிலும் நல்ல ஜாதிக்காய் விளைகிறது. அவர்களுக்குக் கிரெனடாவில் வாங்கத் தகுந்தது, காயின் மேல்சதையில் செய்யும் ஜெல்லியும் சிரப்பும். டொராண்டோ, லண்டன்வாசிகளுக்கு முழுக்காயே நல்ல பேரம்; அங்கே கடையில் கிடைப்பது எத்தனை நாள் பழையது என்று யாருக்கும் தெரியாது.

சாக்லேட். இந்தத் தீவிலிருந்து கொண்டுபோக ஒரே ஒரு பொருள்தான் என்றால் இதைத்தான் சொல்வோம். இங்கே விளையும் கொக்கோ நயமான மணமுள்ள ரகம். அதை மூட்டையாக ஏற்றுமதி செய்துவிட்டு ஐரோப்பிய சாக்லேட்டை இறக்குமதி செய்து தின்பதுதான் கொக்கோ விளையும் நாடுகளின் பொதுவான நிலை. 1999இல் தொடங்கிய கிரெனடா சாக்லேட் கம்பெனி இதை மாற்றியது. மரத்திலிருந்து பறிப்பது முதல் பார் வார்ப்பது வரை எல்லாம் தீவுக்குள்ளேயே. இப்போது ஜூவே, கிரேஃபிஷ் பே, ட்ரை ஐலண்ட் என்று பல தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கறுப்பு சாக்லேட் பார்களில் 60, 71, 82, 100 சதவீதம் என்று கொக்கோ அளவு அச்சிட்டிருக்கும். ருசி பார்க்கும்போது குறைந்த சதவீதத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். நேரே 100க்குப் போனால் நாக்கு கசப்பில் மரத்துப்போய், பிறகு எதுவும் தெரியாது. கடிக்காமல் நாக்கின் மேல் கரைய விட்டு, இடையிடையே சாதாரணத் தண்ணீர் குடியுங்கள்.

கொக்கோ உருண்டை என்று இன்னொன்று உண்டு. வறுத்த கொக்கோவை அரைத்து, பட்டை, ஜாதிக்காய் போன்ற வாசனைச் சாமான் சேர்த்து உருட்டியது. பாலிலோ தண்ணீரிலோ கொதிக்கவிட்டுச் சர்க்கரை சேர்த்தால் உள்ளூர்க்காரர்களின் காலை பானம் தயார். விலை மலிவு, எடை குறைவு, பாரைப்போல எளிதில் உருகிக் கெடாது. பலருக்குப் பிரித்துக் கொடுக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது.

ரம். வடகிழக்கில் ரிவர் அன்டோயின் ஆலை 1785 முதல் ஓடுகிறது. கரும்பு பிழியும் இயந்திரத்தைச் சுழற்றுவது இன்றும் தண்ணீர்ச் சக்கரம்தான். பிழிந்த சக்கையை எரித்துத்தான் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். நம் ஊரில் வெல்லம் காய்ச்சும் ஆலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொப்பரை வரிசை அந்நியமாகவே இருக்காது. இவர்களின் முக்கிய ரம் 75 சதவீத ஆல்கஹால். அதுவே வாங்குவதில் ஒரு பொறி, கீழே வருகிறது.

தவிர்க்க வேண்டியவை. சந்தையில் "சாஃப்ரான்" என்று விற்கும் மஞ்சள் நிறப் பொடி குங்குமப்பூ கிடையாது, மஞ்சள்தான். யாரும் ஏமாற்றவில்லை, அங்கே அதற்குப் பெயரே அது. பெரிய பாட்டிலில் மிக மலிவாக வரும் வனிலா எசன்ஸ் பெரும்பாலும் செயற்கை மணம். டோங்கா கொட்டை மணம் நன்றாக இருக்கும், ஆனால் அதில் உள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் காரணமாக 1954 முதல் அமெரிக்காவில் உணவில் சேர்க்கத் தடை. ஆமை ஓடு, கறுப்புப் பவளம், சங்கு ஆகியவற்றில் செய்த நகைகளைத் தொடாதீர்கள். அழியும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் வருபவை, சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். ராணுவப் பச்சைப்புள்ளித் துணியைக் கிரெனடாவில் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் தொப்பிக்கும் இது பொருந்தும். கப்பலிலிருந்து இறங்கும்போதே கவனியுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் நேரம். ஒரு நாள் நிற்கும் கப்பலில் ஏறி இறங்குவது போக நம்பிச் செலவிடக்கூடியது ஆறு மணி நேரம். தீவு நீளம் சுமார் 34 கிலோமீட்டர்தான், ஆனால் சாலை முழுக்க வளைவும் ஏற்றமும். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து கூயாவ் முக்கால் மணி நேரம். ரிவர் அன்டோயின் ஒரு மணி நேரத்துக்கு மேல். மேற்குக் கரை வழியே வடக்கே போய், கிழக்கே இறங்கி, நடுவே இருக்கும் கிராண்ட் எடாங் மலைக்காட்டைத் தாண்டித் திரும்பினால் வண்டி ஓட்டமே மூன்றரை மணி நேரம் போலாகும். "தீவு முழுக்க" என்று விற்கும் எந்தத் திட்டத்திலும் ஒவ்வொரு இடத்திலும் இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் மிஞ்சாது.

அடுத்தது ருசியின் தரம். கடை முகப்பில் தட்டில் நறுக்கி வைத்ததை எடுத்து வாயில் போடுவதும், தயாரிப்பவரே நான்கு வகையை வரிசையாகத் தந்து விளக்குவதும் ஒன்றல்ல. டூர் விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

மூன்றாவது, கொடுக்கும் காசு யாரிடம் போய்ச் சேர்கிறது. நான்காவது, மொத்தச் செலவு: நுழைவுக் கட்டணம், டிப்ஸ், மாற்று விகித இழப்பு எல்லாம் சேர்த்து. ஐந்தாவதாக, கப்பலைத் தவறவிடும் ஆபத்து. விமானத்தில் வந்து தங்குபவர்களுக்கு இந்தக் கடைசிக் கவலை கிடையாது. அவர்களுக்குக் கணக்கே வேறு.

## வழி 1: கப்பல் கம்பெனியின் டூர்

இதன் பெரிய பலம் ஒன்றே ஒன்று: டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கும் முதன்முறை க்ரூஸ் போகிறவர்களுக்கும் அந்த நிம்மதிக்கு விலை கொடுப்பது தவறில்லை.

பலவீனம் நேரப் பங்கீடு. ஒரு பஸ்ஸில் இருபது பேருக்கு மேல் ஏறி இறங்குவதற்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் போகும். அதே நேரத்தில் இன்னும் இரண்டு பஸ் வந்து நின்றால் ருசி மேசையில் வரிசைதான், கேள்வி கேட்க வழியில்லை. ஆகவே டூர் விவரத்தைப் படிக்கும்போது இடங்களின் பெயரைவிட நிறுத்தங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். நான்கரை மணி நேரத்தில் ஐந்து நிறுத்தம் என்றால் அது ஜன்னல் வழிப் பயணம். இரண்டு நிறுத்தம் என்றால் தைரியமாகச் சேரலாம். ருசி எத்தனை வகை, மதிய உணவு உண்டா, நுழைவுக் கட்டணம் அடக்கமா என்பதையும் கப்பலின் டூர் மேசையில் கேட்டுவிடுங்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதது, கப்பலில் நடக்கும் ஷாப்பிங் வகுப்பும் அங்கே கொடுக்கும் கடை வரைபடமும். "பரிந்துரைக்கப்பட்ட கடைகள்" என்ற பட்டியலில் இடம்பெறக் கடைகள் விளம்பரக் கட்டணம் செலுத்துவது இந்தத் தொழிலின் வழக்கம். வைரம், கைக்கடிகாரம் போன்றவற்றில் அந்தப் பட்டியலுக்கு ஒரு பயன் உண்டு: பொருளில் குறை இருந்தால் மாற்றித் தரும் உத்தரவாதம். நூறு கிராம் கிராம்பு வாங்குகிறவருக்கு அந்த வரைபடத்தால் ஒரு லாபமும் இல்லை.

## வழி 2: டாக்ஸி பேசிக்கொண்டு போவது

நம் பார்வையில் மூன்று அல்லது நான்கு பேர் சேர்ந்து போனால் இதுவே சிறந்த வழி. காரணம் எளிய கணக்கு. டூருக்குத் தலைக்கு இவ்வளவு. டாக்ஸிக்கு வண்டிக்கு இவ்வளவு. ஒரு பேச்சுக்கு டூர் தலைக்கு 100 அமெரிக்க டாலர், டாக்ஸி மணிக்கு 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்துக்கு வண்டி 240. இரண்டு பேர் என்றால் டூர் 200தான், டாக்ஸி நாற்பது டாலர் கூடுதல். மூன்று பேருக்கு டூர் 300 ஆகிவிடும். நான்கு பேர் என்றால் டாக்ஸியில் 160 டாலர் மிச்சம், அதில் நுழைவுக் கட்டணமும் சாப்பாடும் அடங்கிவிடும். உங்களுக்குச் சொல்லப்படும் உண்மையான தொகையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

முனையத்திலேயே டாக்ஸி சங்கத்தார் இருப்பார்கள். ஏறுவதற்கு முன் ஐந்து விஷயத்தைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும்: தொகை வண்டிக்கா தலைக்கா, அமெரிக்க டாலரா உள்ளூர்ப் பணமான கிழக்குக் கரீபியன் டாலரா, எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் எவ்வளவு, எந்தெந்த இடங்கள். பேசிய தொகையைத் தாளில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. பணத்தைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். சேவை பிடித்திருந்தால் 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ்.

சில கடைகள் ஆள் கூட்டி வரும் ஓட்டுநருக்குக் கமிஷன் தருவதுண்டு. அது எங்கும் நடப்பதுதான். அதில் கோபப்பட எதுவுமில்லை. நீங்கள் கேட்காத கடை வாசலில் வண்டி நின்றால் "இங்கே பத்து நிமிடம் போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நல்ல ஓட்டுநர் தரும் லாபம் அந்தக் கமிஷனைவிடப் பெரியது. சாலையோரம் நிறுத்தி, ஜாதிப்பழத்தைப் பிளந்து உள்ளே சிவப்பு வலைபோல் சுற்றியிருக்கும் பத்திரியைக் காட்டுவார்; கொக்கோ பழத்தின் வெள்ளைச் சதையைச் சப்பிப் பார்க்கத் தருவார். இருபது பேர் போகும் பஸ் டூரில் இது அநேகமாக நடக்காது.

வழித்தடத்தில் பேராசை வேண்டாம். இரண்டு தடங்கள் நன்றாக வேலை செய்கின்றன.

மேற்குத் தடம்: கூயாவ் ஜாதிக்காய் நிலையம், அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே விக்டோரியாவில் ஜூவே சாக்லேட் செய்யும் டயமண்ட் ஆலை, திரும்பும் வழியில் கான்கார்ட் அருவி. நான்கு மணி நேரத்தில் முடியும். மீதி நேரம் சந்தைக்கு.

வடக்குத் தடம்: ஹெர்மிட்டேஜில் பெல்மான்ட் தோட்டம், பிறகு ரிவர் அன்டோயின். பெல்மான்ட்டில் கொக்கோவை மரப்பெட்டிகளில் வாழையிலை மூடிப் புளிக்கவைத்து, பிறகு வெயில் தட்டுகளில் கொட்டிக் காலால் துழாவி உலர்த்துவதைப் பார்க்கலாம். இங்கே மதிய உணவும் கிடைக்கும். ஆறு மணி நேரம் முழுசாக வேண்டும், அதற்குக் குறைந்தால் முயல வேண்டாம். பெல்மான்ட் சனிக்கிழமைகளில் மூடியிருப்பது வழக்கம். சந்தை களைகட்டுவதோ சனிக்கிழமை. ஆகவே கப்பல் நிற்கும் கிழமையைப் பார்த்துத் தடத்தைத் தேர்ந்து, முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வளைவுச் சாலையில் வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். 75 சதவீத ரம்மை ருசி பார்த்துவிட்டு மலைச் சாலையில் திரும்புவது வலுவான வயிற்றையும் கலக்கும். அரை மடக்கு போதும், பின்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீர்.

## வழி 3: நடையும் மினி பஸ்ஸும்

க்ரூஸ் முனையம் மெல்வில் தெருவில். அங்கிருந்து மார்க்கெட் ஸ்கொயர் சில நிமிட நடை, ஊர்ப் பேருந்து நிலையமும் பக்கத்திலேயே. மலையின் மறுபக்கம் இருக்கும் துறைமுகக் கரைக்கு 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் குடைந்த செண்டால் சுரங்கம் வழியே போகலாம். வண்டிகளும் அதிலேயே போவதால் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். அந்தப் பக்கம் யங் தெருவில் ஹவுஸ் ஆஃப் சாக்லேட் என்ற சிறு காட்சியகமும் கடையும் இருக்கின்றன. தீவின் பல தயாரிப்பாளர்களின் பார்கள் ஒரே கூரையின் கீழ் கிடைப்பதால், எந்த ஆலைக்கும் போக நேரமில்லாதவர்களுக்கு இது ஒன்றே போதும்.

சந்தையில் முதலில் கண்ணில் படுவது செலஃபேன் சுற்றிய மசாலாக் கூடைகளும் ஜாதிக்காய், கிராம்பு கோத்த மாலைகளும். கூடை பரிசு கொடுக்க அழகு, ஆனால் எடைக்குக் கணக்குப் பார்த்தால் விலை கூடுதல். சமையலுக்கு என்றால் தனித்தனிப் பொட்டலமாக, முழுதாக வாங்குங்கள். "இதில் தீவில் விளைந்தது எது?" என்று கேட்டால் விற்கும் அம்மாவே பிரித்துச் சொல்வார். ஜாதிக்காய், பத்திரி, கிராம்பு, பட்டை, இஞ்சி, மஞ்சள், ஆல்ஸ்பைஸ் எல்லாம் இங்கே விளைபவை. ஒரே கடையில் நாலைந்து பொருள் எடுத்தால் ஒரு பொட்டலம் கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஓரிரு டாலருக்காக அடித்துப் பேரம் பேச வேண்டாம். கப்பல் வராத மாதங்களில் இந்தப் பெண்களின் வியாபாரம் படுத்துவிடும்.

துணிச்சல் இருந்தால் 5ஆம் எண் மினி பஸ்ஸில் கூயாவ் வரை போகலாம். கட்டணம் டாக்ஸியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பஸ் நிரம்பினால்தான் புறப்படும். இறங்க வேண்டிய இடத்தில் பக்கவாட்டைத் தட்ட வேண்டும். பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகவும் குறைவு, கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். கப்பல் ஞாயிறு நின்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். மற்ற நாட்களிலும் கப்பல் ஏறும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே திரும்பும் பஸ் பிடித்தாக வேண்டும்.

## வழி 4: ஒரே இடத்தில் நாள் முழுவதும்

இது தங்கியிருப்பவர்களுக்கு. ஒரே தோட்டத்தில் காலை சென்று, சாக்லேட் செய்முறை முழுவதும் பார்த்து, சாப்பிட்டு, மாலை திரும்புவது. சில தயாரிப்பாளர்கள் முன்பதிவு செய்பவர்களுக்கு நாமே பார் வார்க்கும் வகுப்பு நடத்துகிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை. சைவர்கள் மட்டும் மதிய உணவைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்: தேங்காய்ப்பாலில் ஈரப்பலா வேகவைக்கும் ஆயில் டவுன் என்ற தேசிய உணவில் உப்பிட்ட இறைச்சியோ மீனோ சேர்ப்பது வழக்கம், கீரை சூப்பான கல்லாலுவிலும் சேர்க்கக்கூடும்.

## ஒரே பார்வையில்

| | கப்பல் டூர் | டாக்ஸி | நடை, மினி பஸ் | ஒரே தோட்டம் |
|---|---|---|---|---|
| தேவையான நேரம் | 4 முதல் 6 மணி | 4 முதல் 6 மணி | 2 மணி; கூயாவ் சேர்த்தால் 5 | முழு நாள் |
| செலவு கணக்கு | தலைக்கு | வண்டிக்கு | மிகக் குறைவு | நுழைவு, சாப்பாடு, போக்குவரத்து |
| ருசி பார்ப்பது | அவசரம், கூட்டம் | நிதானம் | கடையில் துணுக்கு | மிக விரிவு |
| வாங்க ஏற்றது | சாக்லேட், ரம் | எல்லாமே | வாசனைச் சாமான், கொக்கோ உருண்டை, சாக்லேட் | சாக்லேட் |
| கப்பலைத் தவறவிடும் ஆபத்து | இல்லை எனலாம் | திட்டமிட்டால் குறைவு | கூயாவ் போனால் உண்டு | பொருந்தாது; தங்குபவருக்கான வழி |
| யாருக்கு | முதியோர், தனியாக வருபவர் | 3 அல்லது 4 பேர் | சமையல் ஆர்வலர், சிக்கனக்காரர் | குழந்தைகளோடு தங்குபவர் |

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

இரண்டு வகை டாலர். கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. கடைகள் அமெரிக்க டாலரையும் வாங்கும், ஆனால் 2.60க்கோ 2.50க்கோதான் கணக்குப் போடும் கடைகளும் உண்டு. 2.50 என்றால் நூறு டாலருக்கு ஏழரை டாலர் அளவுக்கு நஷ்டம். விலைச் சீட்டில் வெறும் டாலர் குறி இருந்தால் எந்த டாலர் என்று கேட்டே ஆக வேண்டும்; 27 என்று எழுதியிருப்பது பத்து அமெரிக்க டாலராகவும் இருக்கலாம். 1 டாலர், 5 டாலர் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தாள் கொடுத்தால் மிச்சம் உள்ளூர்ப் பணமாக வரும், கப்பலில் அது செல்லாது.

கடிகாரம். கப்பலின் நேரமும் தீவின் நேரமும் ஒரு மணி நேரம் வித்தியாசப்படலாம். ஏறும் நேரம் கப்பலின் நேரப்படிதான். கைபேசி தானாக நேரம் மாற்றிக்கொள்வதை அணைத்துவிட்டுச் சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்வது நல்லது.

ரம்மின் சதவீதம். 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. ரிவர் அன்டோயினின் 75 சதவீத பாட்டில் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதற்காகவே 69 சதவீதத்தில் ஒரு வகை செய்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். 24 முதல் 70 சதவீதம் வரை உள்ளது ஆளுக்கு 5 லிட்டர் வரை, சீல் உடைக்காமல், செக்-இன் பெட்டியில் போகலாம். கப்பல் பயணிகளுக்கு இன்னொன்று: கரையில் வாங்கிய மதுவைப் பெரும்பாலான கப்பல்கள் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, பயணத்தின் கடைசியில்தான் திருப்பித் தரும். ரசீதைத் தொலைக்காதீர்கள். பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள்.

விமானம் மாறி ஏறுபவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிக் கையில் வைத்திருக்கும் பாட்டில், மியாமி போன்ற இடத்தில் அடுத்த விமானத்துக்கான சோதனையில் தடுக்கப்படலாம். அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்தில் எப்படியும் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அந்த இடைவெளியில் பாட்டிலைப் பெட்டிக்குள் மாற்றிவிடலாம்.

வெயில். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டிப் போகும். உருகி மீண்டும் இறுகிய சாக்லேட்டின் மேல் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளை படரும். கெட்டுப்போனதல்ல, ஆனால் மொறுமொறுப்பும் மினுமினுப்பும் போய்விடும், பரிசாகக் கொடுக்க முடியாது. ஆகவே அன்றைய கடைசி நிறுத்தத்தில் சாக்லேட் வாங்குங்கள். அது முடியாவிட்டால் மடக்கக்கூடிய குளிர்ப்பை ஒன்றையும், கப்பல் உணவகத்தில் கேட்டு வாங்கிய ஐஸைக் கட்டிய பையையும் காலையிலேயே எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் உருகிக் காகித உறையை நனைக்காதபடி இடையில் ஒரு துண்டு வையுங்கள்.

சுங்கம். மதுவுக்கான வரியில்லா அளவு நாட்டுக்கு நாடு மாறும். கனடாவுக்கு 48 மணி நேரமாவது வெளியே இருந்து திரும்புபவருக்கு 1.14 லிட்டர். பிரிட்டனுக்கு வலுவான மது 4 லிட்டர். இந்தியாவுக்கு 2 லிட்டர். அமெரிக்காவுக்குப் பொதுவாக 1 லிட்டர்; அதில் கரீபியன் சலுகைப் பட்டியல் நாடுகளில் தயாரானது ஒரு லிட்டராவது இருந்தால் 2 லிட்டர்.

வாசனைச் சாமானில் கவனிக்க வேண்டியது, அது உலர்ந்ததா, விதையாக முளைக்கக்கூடியதா என்பது. உலர்ந்த பட்டை, கிராம்பு, ஓடு நீக்கிய ஜாதிக்காய் ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் பொதுவாகச் சிக்கல் இல்லை. எலுமிச்சைக் குடும்பத்தின் இலை, விதை, எலுமிச்சைப் புல் ஆகியவை அங்கே கூடாது. கொட்டையும் விதையும் கோத்த மாலைகளையும், ஓட்டோடு இருக்கும் காய்களையும் எந்த நாட்டு அதிகாரியும் சந்தேகத்தோடு பார்ப்பார்; ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கெடுபிடி இன்னும் அதிகம். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் சந்தைப் பொட்டலத்தை விட்டு, பெயரும் நாடும் அச்சிட்ட, மூடி முத்திரையிட்ட பொட்டலத்தை வாங்குவது நல்லது. எதுவானாலும் படிவத்தில் "உணவுப் பொருள் உண்டு" என்ற கட்டத்தில் குறி இட்டுவிடுங்கள். அறிவித்த பொருள் கூடாது என்றால் பொருள் மட்டும்தான் போகும். மறைத்தால் அபராதமும் சேரும்.